வேலையில்லாதவர்கள் தேவை

"ஹலோ... ஆமாங்க, நல்லமுத்துதான் பேசுறேன்... சாருஜன் சேரா? சொல்லுங்க சேர்... ஆமா, ஆமா, சனிக்கிழமைக் கூட்டத்துக்கு ஆளு சேத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அதில் பாதி உண்மை. ஹட்டன் திட்ட அலுவலகத்துச் சாருஜன் கேட்டிருந்தது வேலையில்லாத நாற்பது பேரை. அத்தனை பேரும் வந்து பதிந்தால் தேயிலைத் தோட்டத்தில் தையல் பயிற்சி நிலையம் திறக்கும்; ஓர் ஆள் குறைந்தாலும் அது தலவாக்கலைக்குப் போய்விடும். திறந்தால், சொல்லிக்கொடுக்கும் வேலை நல்லமுத்துவின் மகள் சுதர்ஷினிக்கு. இல்லாவிட்டால் அவள் கட்டுநாயக்கா ஆடைத் தொழிற்சாலையிலேயே கிடக்க வேண்டியதுதான். அவள் பெற்ற நான்கு வயதுக் குழந்தை இங்கே போனைப் பார்த்து 'அம்மா' என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.

"கஷ்டந்தான் சேர். வேலை இல்லாத பயலுக எல்லாம் கொழும்புல வேலையில இருக்கானுக... இல்லைங்க, கிண்டல் பண்ணல. தீபாவளிக்கும் தேருக்குந்தான் ஊருக்கு வருவானுக... நம்ம தனுஷன் புறக்கோட்டைக் கடையில லீவு கேட்டிருக்கான். எதுக்குன்னாராம் முதலாளி. 'ஊருல போயி வேலை இல்லேன்னு சொல்லிட்டு வரணும்'னானாம்... குடுத்துட்டாரு சேர், குடுத்துட்டாரு. நல்ல மனுசன்."

"என்னது? ஆட்டோக்காரங்களச் சேக்கக்கூடாதா?... ஏங்க, அழகன் காலையில ஒரு ஹயர் ஓடுவான். அப்புறம் பொழுது சாயுற வரைக்கும் அவன் யாரு?... ஆங், அப்படிக் கேளுங்க. சேத்துக்கங்க."

"கொழுந்து எடுக்கிறவங்களா? தொட முடியாது சேர். வேலை வாங்குற கண்டாக்கையா கொன்னுப்புடுவாரு. அங்க ஆளே பத்தல. போன வாரம் விடியக்காலையில பெரட்டுல நிக்கவச்சு மலைமலையா ஆளு பிரிக்கிறாரு. ஒரே பனி. வரிசையில கடைசியா ஒரு சிறுத்தை நிக்குது. அவரு நிமிந்தே பாக்கல, 'ஏழாம் நம்பர் மலைக்குப் போ'ன்னுட்டாரு... சத்தியமாங்க... சேச்சே, அது கொழுந்து எடுக்கல. ஆனா அன்னைக்கு ஒருத்தரும் நடுவுல லயத்து வீட்டுப் பக்கம் போகல. கொழுந்து குமிஞ்சிருச்சு. தோட்டத்துத் துரைக்கு ஏக சந்தோசம், 'நாளைக்கும் வரச்சொல்லு'ன்னாராம்."

"சிரிக்காதீங்க சேர். ஒங்க கணக்குல எங்க சனம் கூடிப்போச்சு, துரை கணக்குல பத்தல. எங்களத்தான் ரெண்டு பேரும் எண்ணுறீங்க..."

"எத்தனையா?... முப்பத்தொம்பது... ஆமா. மறைக்கல... நானா? எனக்கு எழுவத்தாறு. வயசு தாண்டிருச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க... ஒத்த ஆளு சேர். ஒத்த ஆளுக்காகத் தலவாக்கலைக்குத் தூக்கிட்டுப் போவீங்களா? நேத்து புள்ள போனை நெஞ்சுமேல வச்சிக்கிட்டே தூங்கிருச்சு..."



"சேர்... இருக்கீங்களா?... என்னங்க, குரல் ஒரு மாதிரியா இருக்கு?... ஒங்களுக்கா? ஒப்பந்த வேலையா அது? எனக்குத் தெரியாதே... வெள்ளிக்கிழமையோட வேலை முடியுதா?... திட்டம் போடுற எடத்துலயே ஆளு கூடிப்போச்சுங்கிறாங்களா? அடப்பாவமே... சே... சே..."

நல்லமுத்து தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். குரலில் துக்கம் குறைந்துவிடாமல் பார்த்துக்கொண்டார்.

"கூட்டம் சனிக்கிழமைதானே சேர்?... இல்ல, சும்மாத்தான் கேட்டேன்... வயசு என்னங்க ஆவுது?... இருவத்தொம்பது. தோதான வயசு... வெக்கம் என்னங்க இதுல? மேடையில உக்கார வேண்டியவரு கீழ பெஞ்சியில உக்காரப் போறீங்க, அவ்வளவுதான்... யாழ்ப்பாணமா இருந்தா என்ன, குடியிருக்கிறது ஹட்டன்லதானே?... ஆமா... ஆமாங்க, நாப்பது. சரியா வந்துருச்சு."

"ஊசியில நூல் கோக்கத் தெரியுமா?... சுத்தமாத் தெரியாதா? ரொம்ப நல்லதாப் போச்சு. தெரிஞ்சவருக்குப் பயிற்சி எதுக்கு? எங்க சுதர்ஷினி சொல்லிக்குடுக்கும்... சரி, வைக்கிறேன். நேரத்தோட வந்துரு தம்பி."