சூடம் அணைக்காத சத்தியம்

— ஏட்டி பேச்சி, இதையாவது சொல்லு. போன வாரம் விட்டாங்களே பி.எஸ்.எல்.வி., அது செயற்கைக்கோளை எம்புட்டு உயரத்துல கொண்டு விட்டுச்சு?

— என்னைய உள்ள வச்சுப் பூட்டிட்டு, மில்லுக்கு லீவு போட்டுக் காவல் இருக்கே. இதுல நக்கல் வேறயாண்ணே? என் நோட்டைக் கீழ வையி.

— கோவப்படாமச் சொல்லுட்டி.

— எண்ணூறு கிலோமீட்டர். வடதுருவம், தென்துருவம்னு மேலயும் கீழயுமாச் சுத்தும். அடியில பூமி உருளுறதால ஒவ்வொரு சுத்துக்கும் வேற வேற எடத்தைப் படம் புடிக்கும். போதுமா? நாளைக் காலைல திருவனந்தபுரத்துல ராக்கெட் நிலையத்து இன்டர்வியூ. அங்க போக இன்னைக்குப் பன்னெண்டு மணிக்குச் செங்கோட்டை பஸ். நான் இங்க கெடக்கேன்.

— இன்சாட்டு எம்புட்டு உயரத்துல?

— அப்பா எங்க?

— ஒன் நிச்சயத்துக்குப் பால்கோவா வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருக்காரு. சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டாளுக வாராகள்ல.

— மூச்சு முட்டுதுண்ணே! ஒரு ஜன்னல்கூட இல்ல. ஒங் கால்ல விழுதேன், தெறந்து விடு.

— மாட்டேன். அப்பன் வந்ததும் சூடத்தைக் கொளுத்தி, 'கதவைத் தெறக்கலன்னு அணைச்சுச் சத்தியம் பண்ணுலே'ம்பாரு. பொய்ச் சத்தியம் பண்ணுன நம்ம சித்தப்பனுக்கு வாய் கோணிப்போச்சு, தெரியும்ல? இன்சாட்டைச் சொல்லு.

— முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர். பூமத்தியரேகைக்கு மேல, பூமி கூடவே சுத்தும். நமக்கு ஒரே எடத்துல நிக்கிறாப்புல தெரியும். டி.வி.க்கு, போனுக்கு அதான் தோது. தொண்ணூத்தாறு பொறந்தும் நம்ம ராக்கெட்டுக்கு இன்னும் அம்புட்டு வலு இல்ல. வெளிநாட்டு ஏரியன்ல ஏத்தி விடுறோம்.

— ஏரியன் முப்பத்தாறாயிரத்துலயே கொண்டு எறக்கிருமோ?

— எறக்காது. ஒரு நீள்வட்டப் பாதையில தள்ளி விட்டதும் அதோட சோலி முடிஞ்சுது. பொறவு செயற்கைக்கோளே தன் இன்ஜினை எரிச்சு மேல போயிக்கிடணும்.

— எரிக்கலன்னா?

— அதுலயே கெடந்து சுத்த வேண்டியதுதான். என்னைய மாதிரி.

— அழாத. நோட்டுல இருக்கிற அம்புட்டையும் சரியாத்தான் சொல்லுதே. மணி பதினொண்ணரை ஆச்சு. ஒம் பையி வாசப்படியில இருக்கு. இன்டர்வியூ கடுதாசியை மேலாப்புல வச்சிருக்கேன்.

— பையி எதுக்கு? அதான் பூட்டிருக்கேல்ல!

— காலைல அப்பனும் நீயும் கேட்டது, வெறும் பூட்டைக் கையில வச்சு நான் அமுக்குன சத்தம். நாதாங்கிகூடப் போடல. நான் தெறக்க மாட்டேன்ட்டி, நீ தள்ளு.