நாகநாதன் சூரியமானி

உங்கள் விசாரணை அறிக்கையில் ஒரே ஒரு திருத்தம் வேண்டும் சார். திறப்பு விழாவில் பார்வை பறிபோனது "கருவிக் கோளாறால்" என்று எழுதியிருக்கிறீர்கள். கருவியில் ஒரு கோளாறும் இல்லை. அதை வடிவமைத்தவன் நான்.

அக்காள்மடத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில்தான் அது உருவானது. பெயர் ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப். மயிரிழைப் பிளவு வழியாக வெயிலை உள்ளே விட்டு, நிறங்களாகப் பிரித்து, ஒரே ஒரு சிவப்பை மட்டும் கேமராவுக்குக் கொடுக்கும். சூரியன் நகர நகரக் கீற்றுக் கீற்றாகப் படம் விழும். கணினி அவற்றைத் தைத்து முழுச் சூரியனாக்கும். உப்புக்காற்றில் துருப்பிடிக்கக் கூடாதென்று, ஃபைபர் படகு பழுதுபார்க்கிறவரிடம் சொல்லிக் குழாயை வார்த்து வாங்கினேன். முதல் படத்தில் சூரியனின் விளிம்பில் தீநாக்குகள் தெரிந்தபோது அழுதுவிட்டேன்.

நான் இயற்பியல் நடத்தும் கல்லூரியின் தாளாளர் நாகநாதன் அய்யா ஒருநாள் அதைப் பார்த்தார். "என்னய்யா வில்பிரட்டு, ஒன் மாடியில கெடந்தா யாருக்குத் தெரியும்? இங்கன கொண்டாந்து வையி" என்றார். வைத்தேன். பெங்களூர்க் கருத்தரங்கில் அது அவரே கண்டுபிடித்த 'நாகநாதன் சூரியமானி' ஆனது. உச்சிப்புளி முழுக்க பேனர். சூரியனுக்கு நடுவில் கோட்டுப் போட்ட அவர் முகம். என் பெயர் எங்கே என்று கேட்டேன். "ஒனக்குந்தான் நன்றி சொல்லீருக்கேன்ல, 'மற்றும் ஊழியர்கள்'னு" என்றார்.

நான் கோபப்படவில்லை. ஒரு சின்னத் தேர்வு வைத்தேன், அவ்வளவுதான்.

அந்தக் கருவியில் கண் வைத்துப் பார்க்க இடமே கிடையாது. கேமரா மட்டும்தான் பார்க்கும். செய்தவனுக்கு இது தெரியாமல் இருக்காது. கல்லூரியில் அதன் திறப்பு விழாவுக்கு முந்தின நாள், பிளவுக்கு முன்னால், முழு வெயிலும் குவிகிற இடத்தில், பக்கவாட்டில் ஒரு குழாய் வைத்துப் பளபளவென்று ஒரு பித்தளை ஐபீஸ் மாட்டினேன். உள்ளே ஒரு சிவப்புக் கண்ணாடி. கண்கூச்சத்தைத் தடுக்கும், சூட்டைத் தடுக்காது. "இது எதுக்குய்யா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கழற்றியிருப்பேன்.

கேட்கவில்லை. ரிப்பன் வெட்டினார், குனிந்தார். "ஆகா, தீநாக்கெல்லாம் தெளிவாத் தெரியுதுய்யா" என்றார். அதில் சிவப்பு வட்டத்தைத் தவிர எதுவும் தெரியாது. விழித்திரைக்கு வலி கிடையாது என்பதால் நிதானமாகவே பார்த்தார். போட்டோக்காரர், "அய்யா, மொகத்துல நெழலடிக்குது. இந்தப் பக்கம் வந்து அடுத்த கண்ணால பாருங்க" என்றார். பார்த்தார்.

பிறகு மேடையேறிச் சூரியனைப் பற்றி வெகுநேரம் பேசினார். அப்போது அவர் மனைவி உலகம்மாள் என்னிடம் வந்தார்.

"எனக்குத் தெரியாதா தம்பி, இவுகளுக்கு டிவி ரிமோட்டையே நேரா பிடிக்கத் தெரியாது. இது நீங்க செஞ்சதுதான?"

ஊரிலேயே அப்படிக் கேட்டவர் அவர் ஒருவர்தான் சார்.

"நானும் ஒரு தடவ பாக்கட்டுமா?" என்றார்.

சூரியன் கொஞ்சம் நகர்ந்திருந்தது. மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்து, அந்த அம்மாவின் கண்ணுக்கு ஏற்றபடி ஃபோகஸும் சரிசெய்து கொடுத்தேன். என்னை மதித்துக் கேட்டவருக்குக் கலங்கலாகக் காட்ட மனம் வரவில்லை.