வளையத்துக்குப் பக்கத்தில் நின்றவர்

சத்தம் போட்டுச் சாப்பிடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது, சார். அது பெரிய குற்றம் ஒன்றுமில்லை. உங்கள் வீட்டிலும் யாருக்காவது அப்படி இருக்கும்.

என் அக்கா பவுனம்மாளின் கணவர் அழகிரி மாமா அப்படித்தான் சாப்பிடுவார். முசிறியில் வாழை போட்டிருந்தவர். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்த பிறகு விவசாயத்தை விட்டுவிட்டு, அக்காவோடு ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்கே வந்துவிட்டார். ரசத்தை உறிஞ்சுவார், விரல்களைச் சப்புவார், அதே கையால் என் தோளைத் தட்டி இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளச் சொல்வார். தொண்டையில் எப்போதும் சளி உருண்டுகொண்டிருக்கும். குளியலறைச் சுவரில் அதைப் பார்த்திருக்கிறேன். அந்த மனிதரோடு என் அக்கா ஒரே பாயில் படுத்தாள்.

அரியமங்கலத்தில் எனக்கு ஒரு பட்டறை இருப்பது உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடங்களுக்கு அறிவியல் கண்காட்சிப் பொருட்கள் செய்கிறேன். அப்போது கையில் இருந்தது ஒரு டெஸ்லா காயில். ஆளுயரத்துக்குச் செம்புக் கம்பி சுற்றிய குழாய், அதன் உச்சியில் பெரிய மெதுவடை போல ஓர் அலுமினிய வளையம். ஓடவிட்டால் வளையத்திலிருந்து மின்னல் கிளம்பும். அந்த வளையம் எவ்வளவு மின்சாரத்தைப் பிடித்து வைக்கும் என்று தெரியாமல் காயிலைச் சுருதி சேர்க்க முடியாது. சூத்திரத்தில் போட்டால் ஓர் எண் வரும், ஆனால் அது உத்தேசம்தான். சுவர், கூரை, கீழே சுற்றிய கம்பி எல்லாம் அதை மாற்றிவிடும். அதனால் வளையம் இல்லாமல் ஒருமுறை, வைத்து ஒருமுறை, காயில் எந்த அதிர்வெண்ணுக்கு இசைகிறது என்று பார்த்து, அந்த வித்தியாசத்திலிருந்து உண்மையான அளவை எடுக்க வேண்டும். இதற்குச் சின்ன சிக்னல் போதும். தொட்டாலும் ஷாக் அடிக்காது.

மாமா தினமும் பஸ் ஏறி எனக்குச் சாப்பாடு கொண்டுவருவார். நான் கேட்டதில்லை. கொடுத்துவிட்டுப் போகவும் மாட்டார். ஸ்டூலில் உட்கார்ந்து குதிகால் வெடிப்பை உரிப்பார். தோல் துணுக்குகள் தரையில் விழும். பக்கத்துப் பட்டறைக்காரர்களிடம், தன் மச்சினன் மின்னலையே செய்கிறான் என்று பெருமை பேசுவார். வேடிக்கை பார்க்க அவர் எழுந்து வந்தால் போதும், மீட்டரில் எண் நழுவும். மனித உடம்பு பக்கத்தில் வந்தால் வளையம் பிடித்து வைக்கும் மின்சாரத்தின் அளவு கூடும். யார் வந்தாலும் அப்படித்தான். ஆனால் அவருடைய வியர்வையும் சளியும் என் வளையத்தில் ஏறி ஒட்டிக்கொண்டதுபோல எனக்குக் குமட்டும்.

அன்று மதியம் நானே அவரைக் கூப்பிட்டேன். கண்காட்சியில் ஆட்கள் நெருங்கி நிற்பார்கள், ஓர் உடம்பால் எவ்வளவு மாறுகிறது என்று அளக்க வேண்டும் என்றேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"கரண்ட் மெஷின் பக்கம் போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இது ஒண்ணும் பண்ணாதுல்ல மாப்ள?"

"இது வெறும் அளவு பார்க்கறது மாமா."

அது பொய்யில்லை. அளந்தேன். அவர் நிற்கும்போதே இரண்டு முறை பார்த்தேன், இரண்டிலும் ஒரே எண் வந்தது. பிறகு சிக்னல் கம்பியைக் கழற்றிவிட்டு, மின்னலைக் கிளப்பும் பெரிய சப்ளையை மாட்டினேன். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அளவு கெட்டுவிடும் என்று அவர் அசையாமலே நின்றார்.

"நான் நிக்கட்டுமா, போகட்டுமா?" என்று கேட்டார்.

"நில்லுங்க மாமா," என்றேன்.

சுவிட்சைப் போட்டேன். வளையத்திலிருந்து வெளிச்சம் அவர் மார்புக்குத் தாவியது. சுவிட்சை அணைத்துவிட்டு, விழுந்தவரைச் சுவரோரமாக இழுத்தபோது அவர் கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டது. நகமெல்லாம் இன்னும் போகாத வாழைக்கறை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். சிக்னலை மறுபடி மாட்டி வளையத்தை அளந்தேன். பக்கத்தில் யாரும் இல்லாதபோது வர வேண்டிய எண் சரியாக வந்தது. அதன் பிறகு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

நீங்கள் எஃப்.ஐ.ஆரில் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்தத்தான் வந்தேன். அளக்கிற விஷயத்தில் நான் ஒருநாளும் கவனக்குறைவாக இருந்ததில்லை. அவரை நான்தான் கொன்றேன்.

நேற்று அக்காவிடமும் இதை அப்படியே சொன்னேன். அவளுக்காகத்தான் செய்தேன் என்பதையும் சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடாமல் இருந்தாளே என்று நானே தட்டில் சோறு போட்டு நீட்டினேன். என் விரல் அவள் கையில் பட்டதும் எழுந்து ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். இன்று காலையில் நான் சமையலறைக்குள் போனபோதும் அப்படித்தான். பாவம், அந்த மனிதரோடு வாழ்ந்து இத்தனை வருஷம் அடக்கிவைத்திருந்த அருவருப்பு எல்லாம் இப்போதுதான் அவளை விட்டு வெளியே வருகிறது.