அரிசிப் பைக்கு மூன்று முறை விலை கேட்டது

என் பெயர் நேக்பக்த், வயது 46, காலஞ்சென்ற குர்பான் அலியின் மனைவி. டாண்டினாங்கில் ரயிலடிக்குப் பின்புறம் வாடகை வீட்டில் குடியிருந்து, முதியோர் இல்லமொன்றில் துணி துவைக்கும் வேலை செய்து வருகிறேன். எனக்கு என் தாய்மொழியான ஹசாரகிதான் சரளமாக வரும் என்பதால் மொழிபெயர்ப்பாளர் யாகூப் மூலம் சொல்கிறேன். என் ஒரே மகள் க்வெட்டாவில் என் நாத்தனார் வீட்டில் இருக்கிறாள். எனக்குக் குடியுரிமை கிடைத்தால்தான் அவளை அழைத்துக்கொள்ள முடியும். திருட்டு வழக்கு விழுந்தால் அது கிடைக்காது என்று தெரிந்துதான் பேசுகிறேன்.

நான் புதிதாக வந்தவர்களுக்கான ஆங்கில வகுப்பில் ஷெரில் டீச்சரிடம் படிக்கிறேன். போன மாதம் கடைப் பாடம் நடந்தபோது என்னைக் கடைக்காரியாக நிற்க வைத்தார்கள். விலை கேட்டவரிடம் நான் எங்கள் ஊர் வழக்கப்படி, "உங்ககிட்டப் போய்க் காசு வாங்குவேனா, சும்மா எடுத்துட்டுப் போங்க" என்றேன். எங்கள் கடைவீதியில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், யாரும் சும்மா எடுத்துப் போக மாட்டார்கள். வாங்குகிறவர் காசை வற்புறுத்திக் கொடுப்பதுதான் மரியாதை. மூன்று முறை நீட்டியும் கடைக்காரர் வாங்காவிட்டால் பொருளை மனதாரக் கொடுக்கிறார் என்று அர்த்தம். டீச்சர் சிரித்துவிட்டு, இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை, விலையை மட்டும் சொல் என்றார். அதன் பிறகு கிளிப்பிள்ளை மாதிரி விலையை மட்டும் சொல்லித் தேறினேன்.

நேற்று வேலை முடிந்து பெரிய கடைக்குப் போய் எண்ணெயும் தேயிலையும் ஒரு பை அரிசியும் எடுத்தேன். அரிசிப் பை தள்ளுவண்டியின் அடித்தட்டில் இருந்தது. பில் போடும் இடத்தில் கெய்லி என்ற பெண் இருந்தாள். நான் குனிந்து பையைத் தூக்கப் போனபோது அவள் கையசைத்து, "யூ ஆர் ரைட், லவ்" என்றாள். 'லவ்' என்று இங்கே எல்லாரையும்தான் கூப்பிடுவார்கள். மற்றதற்குப் பணம் கட்டியதும், அரிசியைக் காட்டி நோட்டை நீட்டி, வகுப்பில் சொல்லிக் கொடுத்தபடி விலை கேட்டேன். அடுத்த ஆளிடம் பேசிக்கொண்டே அதையே சொன்னாள். மூன்று முறை நீட்டினேன், மூன்று முறையும் அதே பதில். வகுப்பில் 'ரைட்' என்றால் வலது பக்கம், இல்லாவிட்டால் சரி. சரி, வேண்டாம், கொண்டு போ என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். நெஞ்சில் கை வைத்து நன்றி சொன்னேன். இந்த ஊரிலும் ஒரு நல்ல மனசு இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். நான் செய்த குற்றம் அது ஒன்றுதான்.

பின்னர் வாசலில் காவலாளி பில்லை வாங்கிப் பார்த்து என்னை நிறுத்தினார். கெய்லி வந்து, தூக்க வேண்டாம், அங்கேயே இருக்கட்டும், தானே பில் போடுகிறேன் என்ற பொருளில்தான் அப்படிச் சொன்னதாகச் சொன்னாள். நான் விலை கேட்டது அவளுக்கு நினைவில்லையாம்.

அதன் பிறகு இங்கே, காவல் நிலையத்துக்கு, அழைத்து வந்தார்கள். அதிகாரி ஷெரில் டீச்சருக்குப் போன் செய்தார். டீச்சர் எனக்கு நல்லது செய்வதாக நினைத்து, கடைப் பாடத்தில் நான்தான் முதல் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். உடனே அதிகாரி என்னிடம், "பாஸ் பண்ணிருக்கீங்களேம்மா, அப்புறம் எப்படித் தெரியாதுன்னு சொல்றீங்க?" என்று கேட்டார். நல்லதுக்குக் காலமில்லை.

மேலும் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டதால் சொல்கிறேன். என் பக்கத்தில் உட்காரும் பெண் அந்தப் பாடத்தில் தோற்றுப் போனாள். அவள் இதையே செய்திருந்தால், பாவம், பாஷை தெரியாதவள் என்று வீட்டுக்கு அனுப்பியிருப்பீர்கள்.

யாகூப் இதை எனக்கு ஹசாரகியில் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) நேக்பக்த், ஆங்கில எழுத்தில்