முழங்கை பட்டதாம்

பெரியப்பா: ...அப்ப எண்ணிப் பார்த்துடலாம். அன்னிக்கு அந்த மேஜையைச் சுத்தி இருந்தது நாலே பேர். ஆட்டத்தை உருவாக்கின நீ. அதை வாங்கலாமான்னு பார்க்க வந்த கம்பெனிக்காரர். ஆடிக் காட்ட உட்கார்ந்த நான், உன் பெரியம்மா. குடும்பம் பூரா விஷயம் எப்படிப் போச்சு?

விளையாட்டுக்காரி: நான் வாயே திறக்கலை, பெரியப்பா.

பெரியப்பா: கம்பெனிக்காரருக்கு நம்ம சொந்தம் யாரையும் தெரியாது.

பெரியம்மா: ஏன் ரெண்டு பேரும் என்னையே பார்க்கறீங்க... உங்க அக்காகிட்ட மட்டும்தான் சொன்னேன்.

பெரியப்பா: அக்காகிட்ட சொல்றதும் மைக் போட்டுச் சொல்றதும் ஒண்ணுதான்.

பெரியம்மா: நடந்ததைத்தானே சொன்னேன். வெட்ட வழி இருந்தா வெட்டியே ஆகணும், வழி இருக்கற வரைக்கும் அதே முறையில வெட்டிக்கிட்டே போகணும்னு விதி. இவர் காயை எல்லாம் வெட்டித் தள்ளிட்டேன். மூலையில ஒத்தைக் காய் மிச்சம். அதையும் சுத்தி வளைச்சாச்சு. இவர் முறை வந்தது... பலகையோட எல்லாம் தரையில.

பெரியப்பா: முழங்கை பட்டுது.

பெரியம்மா: படும், படும். ரெண்டு கையாலயும் படும்.

பெரியப்பா: நேத்து தம்பி வீட்டுக்குப் போறேன்மா. நான் உட்கார்ந்ததும் உங்கப்பன் டம்ளரைத் தள்ளி வெக்கறான். கேட்டா, ‘சும்மா, பாதுகாப்புக்கு’ன்னு இளிக்கறான்.

விளையாட்டுக்காரி: அப்பாவா... 

பெரியப்பா: சிரிக்காதே. எங்கப்பா தோத்தா எழுந்து நின்னு கை கொடுப்பார். அவர் பிள்ளை தோல்வி தாங்காம பலகையைக் கவிழ்த்தான்னு பேச்சு. என்னால தலை நிமிர்ந்து நடக்க முடியலை.

விளையாட்டுக்காரி: எனக்குச் சந்தேகம் வந்ததே அதனாலதான். தோத்தா கை கொடுக்கறவர் பிள்ளையாச்சே நீங்க.

பெரியப்பா: ...என்ன சந்தேகம்?

விளையாட்டுக்காரி: இந்த ஆட்டம் எனக்கு எப்படிக் கிடைச்சுது? இடிஞ்ச கட்டடத்துத் தரையில வெறும் கோடு. விதி தெரிஞ்சவங்க யாரும் இல்ல. எந்தக் கட்டம் ஜாஸ்தி தேஞ்சிருக்குன்னு பார்த்து, எப்படி ஆடியிருப்பாங்கன்னு யோசிச்சேன். போய்ச் சேர்ந்தவங்க ஆட்டத்தையே பிடிக்கறேன், எதிர்ல உட்கார்ந்திருக்கற பெரியப்பா ஆட்டம் பிடிபடாதா?

பெரியம்மா: கேட்டுக்கோங்க. ஆபீஸ் வேலையை விட்டுட்டுத் தாயம் உருட்டப் போறியான்னு இவளைக் கத்தினவர்தானே நீங்க.

பெரியப்பா: அது அப்போ.

விளையாட்டுக்காரி: பெரியம்மா, ஜெயிக்கப் போற சந்தோஷத்துல போன்ல ஒரு படம் எடுத்தீங்களே...

பெரியம்மா: ஆமா, உங்க அத்தைக்கு அனுப்ப.

விளையாட்டுக்காரி: அதைப் பார்த்துக் காய்களை அப்படியே அடுக்கினேன்.

பெரியப்பா: போனதை எதுக்குக் கிளறணும்? அந்தப் பெட்டியில என்ன?

விளையாட்டுக்காரி: அச்சாகி வந்த முதல் பெட்டி. விதிப் புத்தகத்துல கடைசி வரியைப் படிங்க.

பெரியப்பா: ‘மூலைக்கு வந்த காய், அடுத்த முறையே மூலையை விட்டு வெளியேற வேண்டும்.’ ...இது முன்னாடி இல்லையே.

பெரியம்மா: எங்கே இருந்தது? இவர் காய் அங்கேயே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது.

விளையாட்டுக்காரி: உட்கார்ந்த காய் அடுத்து என்ன பண்ணியிருக்கும், பெரியப்பா?

பெரியப்பா: எனக்கென்ன தெரியும்? நான் என்ன விளையாட்டு ஆராய்ச்சியா பண்றேன்...

விளையாட்டுக்காரி: காது சிவக்குது.

பெரியப்பா: வெயில்.

விளையாட்டுக்காரி: வீட்டுக்குள்ளயா? ...கம்பெனிக்காரர்கிட்ட நானே சொல்லிட்டேன். ஒரு ஓட்டை இருந்தது, அடைச்சுட்டேன்னு.

பெரியப்பா: சொல்லிட்டியா? எப்போ? கையெழுத்துக்கு அப்புறம்தானே?

விளையாட்டுக்காரி: முன்னாடியே. மறைச்சு விற்கற வீடா நம்ம வீடு?

பெரியப்பா: ...அதுக்கு அவர்?

விளையாட்டுக்காரி: ‘அன்னிக்கே என் கண்ணெதிர்ல நடந்திருந்தா அப்பவே எழுந்து போயிருப்பேன்’னார். சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டார்.

பெரியப்பா: அப்ப இனிமே அந்தப் பெட்டிக்கு ஒரு குறையும் வராது.

விளையாட்டுக்காரி: வராது. கடைக்கே போயாச்சு. இனிமே நீங்க வாயைத் திறக்கலாம்.

பெரியம்மா: என்ன நடந்திருந்தா? என்ன பேசறீங்க ரெண்டு பேரும்? ...இருங்க, போன் அடிக்குது. உங்க அக்காதான்.

பெரியப்பா: இங்க கொடு. ...அக்கா, நான்தான். முதல்ல சிரிச்சு முடி. முடிச்சாச்சா? இப்ப கேளு, கேட்டதை எல்லாருக்கும் சொல்லு. தோக்கற கோபத்துல நான் தட்டிவிடலை. அந்த ஒத்தைக் காய் கட்டாயம் வெட்டியே ஆகணும், வெட்டினா ஒரே ஓட்டத்துல இவ காய் மொத்தமும் போயிடும். மூலையில குந்தினவன்தான் எப்பவும் ஜெயிப்பான்னு அந்த மனுஷனுக்குத் தெரிஞ்சா, நம்ம பொண்ணு ஆட்டத்தை எவன் வாங்குவான்? ஜெயிச்சுடப் போறேனேன்னுதான் தட்டிவிட்டேன்.