பொன்னாடையை யாரும் வாங்குவதில்லை

அப்பாவிடம் எதை வேண்டுமானாலும் கேள், நிலத்தை மட்டும் கேட்காதே என்று சொல்லித்தான் அம்மா என்னை வளர்த்தாள். போன மாசியில் கேட்டுவிட்டேன். மிளகுத் தோட்டத்தில் பாதி.

வேளாண்மை அதிகாரியான உங்களுக்கு எங்கள் வழக்கமும் தெரிந்திருக்கும், பானுமதி மேடம். எங்கள் ஊரில் பெண்ணுக்கு நிலம் எழுதுவதில்லை. அப்பா கோபப்படவில்லை. சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "உனக்குத்தான் பேரு இருக்குதே சாமி. அவனுக்கு என்ன இருக்குது?"

அவன் என்றால் என் அண்ணன் சந்தோஷ்குமார். எட்டாவதோடு நின்றவன். "பஸ் ஸ்டாண்டு பேனர்ல அவ்ளோ அகலத்துக்கு நிக்கிற. அதுல பாதி எனக்குக் குடுப்பியா?" என்று கேட்டுச் சிரித்தான்.

நியாயமான கேள்விதான்.

பேர் இருப்பது உண்மை. ஊரின் முதல் பட்டதாரி, அதுவும் விவசாயப் படிப்பு. டிவிக்காரர்கள் வந்து கொடிகளுக்கு நடுவே என்னை நடக்கவிட்டுப் படம் எடுத்தார்கள். அதற்குப் பிறகு நிம்மதியாக ஒரு டீ குடித்ததில்லை. மாட்டுக்குக் கழிச்சல் என்றாலும் என்னிடம்தான் வருகிறார்கள். பெண் பார்க்க வந்தவர்கள், "பேரு பெருசுங்க, நமக்குத் தோதுப்படாதுங்க" என்று எழுந்து போனார்கள். பெரிய வேலையில் இருக்கிறேன் என்று எல்லோரும் நம்புவதால் சின்ன வேலை தருவாரில்லை. பெட்டி நிறையப் பொன்னாடை இருக்கிறது. அதை யாரும் வாங்குவதில்லை, நாமக்கல்லில் விசாரித்தேன்.

வேறு எதற்காவது இந்தப் பேர் உதவுமா என்று பார்த்தேன்.

அண்ணன் மிளகு மூட்டையோடு மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கிய ஒரு காலையில், மேல்வரிசைக் கொடிகளை மண்ணுக்குக் கீழே அறுத்து மூடினேன். இலை வாடியதும் அப்பாவே என்னைக் கூப்பிட்டார். வாடல் நோய் என்றேன். பரவும், தோட்டம் முழுக்கப் பிடுங்கி எரிக்க வேண்டும் என்றேன். பிடுங்கியபோது வேர் வரவில்லை என்று அண்ணன் காட்டினான். நோயில் அறுந்துவிட்டது என்றேன். தலையாட்டினான்.

எங்கள் தோட்டத்தில் மட்டும் நோய் என்றால் சந்தேகம் வரும். அதனால் அக்கம்பக்கத்துத் தோட்டங்களையும் பார்வையிட்டேன். அத்தாயி மட்டும் கொஞ்சம் தயங்கினாள். புருஷன் இல்லாதவள், அந்தக் கொடிகளை நம்பி இருப்பவள்.

"ஏங்கண்ணு, பச்சப்பசேல்னுதான இருக்குது?"

"பச்சையா இருக்கறப்பவே எரிச்சுப்போடணுங்க அத்தை. வாடுனா கைமீறிப் போயிருமுங்க."

"நீ சொன்னாச் செரிதான். படிச்ச புள்ள."

தீப்பெட்டி இல்லை என்றாள். நான் கொடுத்தேன். எங்கள் ஊரில் நிலம் கையிலிருக்கும் ஒரே பெண் அவள்தான். அது அப்போது தோன்றவில்லை.

எல்லாம் எரிந்த பிறகு அப்பா, "பாதி வேணும்னா எடுத்துக்க சாமி" என்றார். வேண்டாம் என்றுவிட்டேன்.

ஆய்வில் நோயே இல்லை என்று வந்திருப்பதாகச் சொல்கிறீர்கள். சரிதான், இல்லை. ஊரில் போய்ச் சொல்லுங்கள். அங்கே உங்களை யாருக்கும் தெரியாது.

பணமா பேரா என்று கேட்டால் இப்போதும் பணம்தான் என்பேன். பேரால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. வாசலில் நிற்கும் ஜீப், எங்கள் மலையிலேயே அந்தப் பக்கத்து ஊர்களான குண்டனி நாட்டுக்காரர்கள் எனக்காக அனுப்பியது. அங்கே ஒரு கொடியில் இரண்டு இலை பழுத்திருக்கிறதாம். வயசான இலை பழுக்கத்தான் செய்யும். அண்ணனைக் கூப்பிட யாரும் ஜீப் அனுப்பியதில்லை.

அவர்களிடம் என்ன சொல்வது என்று காலையிலேயே முடிவு செய்துவிட்டேன். தீப்பெட்டி பையில் இருக்கிறது.

போயிட்டு வாரேனுங்க மேடம்.