எந்த வித்தையில் விழுந்த அடி

— காலத் தூக்கி ஒரே ஒத வுட்டீன்னு வையி, அந்தாளு பல்லு நேரா மாம்பலம் ஸ்டேஷன் பிளாட்பாரத்துல போய் வுழும். அதாம்மா கராத்தே. உன் பேரு இன்னா சொன்ன?

— சீதா, மாஸ்டர். ஆனா காலைத் தூக்க முடியாது.

— மொத நாளு யாருக்குமே தூக்க வராது. போவப் போவ வரும்.

— அதில்ல மாஸ்டர். நான் துணிக்கடையில சேல்ஸ். காலையில நின்னா கடை அடைக்கிற வரைக்கும் உக்காரக் கூடாது. ஸ்டூலே கிடையாது. வெளிய வரும்போது காலு வீங்கிச் செருப்புக்குள்ள நுழையாது. அதை எங்க தூக்க? போதாததுக்கு யூனிபாரம் சேலை. மடிப்புக் கலையாம இருக்கணும்னு முட்டி வரைக்கும் பின்னு குத்தியிருக்கும்.

— கேட்டீராவே கனகராஜ் மாஸ்டரு? நானும் அதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். ஒம்ம கராத்தே வெள்ளைப் பேண்ட்டு போட்டு, பாய் விரிச்சு, எதிராளிக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு ஆடுத ஆட்டம். தெருவுல எவன்வே திரும்பக் கும்பிடுதான்?

— யோவ் அய்யாதுரை ஆசானே, நீ மொதல்ல அந்தக் குத்துப் பைய இறுக்கிப் புடி, கவுறு கட்டணும். நல்லாக் கேளு தங்கச்சி. இவுரு சிலம்பமாம். ஆறடிக் கம்ப எட்துக்கினு ஆடித் தள்ளுபடிக் கூட்டத்துல சுத்துனா இன்னா ஆவும்? கட வாசல்ல நிக்கிற பொம்ம தலதான் பறக்கும்.

— கம்பு இல்லன்னா குத்துவரிசை. வெறுங்கைவே! நீ எந்த ஊரு பிள்ள? பேச்சு நம்ம பக்கம் மாதிரி இருக்கு.

— புளியங்குடி, அண்ணாச்சி.

— அப்படிச் சொல்லு. நம்ம ஊருப் பிள்ளைக்கு நம்ம ஊரு வித்ததான் சரிப்படும்.

— இன்னாய்யா, பொண்ணு பாக்கவா வந்துகிறே? ஊரு கேக்குற, அடுத்தால ஜாதகம் கேப்பியா?

— ரெண்டு பேரும் கொஞ்சம் கேளுங்க. எனக்குச் சாப்பாட்டு நேரம் அரை மணிதான். சாப்பிடாம ஓடி வந்திருக்கேன். எது ஒத்து வரும்னு இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சாகணும்.

— சாய்ங்காலமா! ஆசானே, இந்தப் பொண்ணு மத்தியானம் சேந்து சாய்ங்காலம் பிளாக் பெல்ட்டு கேக்குது.

— சிரிக்காதீரும். ஏ தாயி, ஒருத்தன் வம்பு பண்ணுதான், அதானே?

— ஆமா அண்ணாச்சி. கடை விட்டு ஹாஸ்டலுக்கு நடந்து போற வழியில ஒருத்தன் பின்னாலயே வாரான். கூட்டத்துல இடிக்கிற மாதிரி வந்து கையை வைப்பான். திரும்பிப் பாத்தா வளையல் கடையில வெல கேட்டுக்கிட்டு நிப்பான். மாசக்கணக்கா இதே பாடு.

— கத்த வேண்டிதானே? நாலு பேரு வந்து மொத்துவாங்க.

— கத்துனா கூட்டம் கூடும், மாஸ்டர். யூனிபாரத்தைப் பாத்ததும் எந்தக் கடைன்னு தெரிஞ்சிரும். கடைப் பேரு தெருவுல அடிபட்டா வேலை போயிரும். சேரும்போதே சொல்லித்தான் எடுத்தாங்க.

— நல்லா இருக்கு நாயம்! கை வெச்சவன் வளையல் வாங்குறான், பட்டவளுக்கு வேல போவுது.

— அதனாலதான் கேக்கேன். சத்தமில்லாம, நெருக்கத்துல, பின்னால நிக்கிறவனை அடிக்கணும்னா எந்த வித்தை?

— இப்டிக் கேளு. பாக்சிங்னு வெச்சிக்கோ. எங்க சிந்தாதிரிப்பேட்டைல சந்துக்கு ஒரு பாக்சரு கீறான். நானே மொதல்ல அதான் ஆடிக்கினு இருந்தேன். ஆனா கிளவுஸ் இல்லாம தாடைல வுட்டா உன் வெரலுதான் ஒடியும். ஜூடோன்னா சட்டக் காலரப் புடிச்சி உருட்டணும். எதிராளி பனியனோட வந்தான்னா பனியன்தான் கையோட வரும். கராத்தேல முழங்கை கீது பாரு, அது பேஜாரு. பின்னாடி நிக்கிறவன் விலாவுல ஒண்ணு வுட்டா, மூச்சு எங்க கீதுன்னு அவனே தேடுவான்.

— அதுக்கு இடுப்பைத் திருப்பணும்லா? ஒரு சாண் எடமில்லாத கூட்டத்துல இடுப்பு எங்க திரும்பும்? குத்துவரிசையில உள்ளங்கையைக் குழிச்சுக் காதுல ஒரு அப்பு அப்புனா போதும். ரெண்டு நாளைக்கு அவன் மண்டைக்குள்ள ரயிலு ஓடும். அப்புறம் விரலு. எம்புட்டுப் பெரிய பயில்வானா இருந்தாலும் சுண்டு விரலைப் பின்னால மடக்கினா முட்டி போட்டுருவான். அதுக்குப் பலமே வேண்டாம்.

— அப்ப விலா எலும்பு ஒடிஞ்சிருந்தா அது கராத்தே. எடது காது வீங்கி, சுண்டு விரல் பிசகியிருந்தா அது குத்துவரிசை. சரிதானே?

— கற்பூரம்யா இந்தப் பொண்ணு! டக்குனு புடிச்சிக்கிச்சு.

— முழங்காலுக்குக் கீழே, முன்பக்கம், தோலு உரிஞ்சு வழண்டிருந்தா?

— அது எங்குளுது. கால ஒசரத் தூக்க வேணாம், கீழயே ஒரு தட்டு. அத்த மொத மாசமே சொல்லித் தருவோம்.

— என்னவே எங்குளுது? பூட்டுல, அதான் மூட்டுக்கிட்ட, கால் வைக்கிறது நாங்க காலங்காலமாப் பண்ணுதோம். ஒம்ம ஆளுவ கப்பலேறி வரதுக்கு முன்னாலயே.

— மெய்யாலுமா? அந்தக் கப்பல நீ பாத்தியா?

— கால் பெருவிரல் நகம் பேந்திருந்தா, மாஸ்டர்?

— குதிகாலால மிதிக்கிறது. அதுவும் கராத்தேதான்.

— ரெண்டு மணிக்கட்டுலயும் பல்லு பதிஞ்சிருந்தா, அண்ணாச்சி?

— கடிக்கிறது எந்த வித்தையிலயும் கிடையாது தாயி.

— தங்கச்சி, இங்க பாரு. நீ கேக்குறது கத்துக்க வந்தவ கேக்குற மாரி இல்லியே. இம்மாங் காயமும் யார் மேல கீது?

— அவன் மேலதான், மாஸ்டர். வெள்ளிக்கிழமையிலருந்து ஆஸ்பத்திரியில கெடக்கான்.

— அடிச்சது யாரு?

— நான்.

— நீயா? ஏ பிள்ள, ஒன் வெயிட்டு என்ன? எங்க ஈரக் கம்பு உன்னைவிடக் கனமா இருக்கும்.

— இன்ஸ்பெக்டரும் இதையேதான் சொல்லிச் சிரிச்சாரு, அண்ணாச்சி. டீ வாங்கிக் குடுத்து, வீட்டுக்குப் போம்மான்னாரு.

— போலீசுக்கு எதுக்குப் போன? அடிச்சோம், வந்தோம்னு கம்முனு இருக்காம?

— கம்முனு இருக்க முடியாம ஆயிட்டுது, மாஸ்டர். பொம்பள கையால அடி வாங்கினேன்னு சொல்ல அவனுக்கு வெக்கம். ஆட்டோ ஸ்டாண்டு ஆளுங்க சூழ்ந்து அடிச்சிட்டாங்கன்னு எழுதிக் குடுத்துட்டான். ஸ்டாண்டுல யாரு இருந்தாங்கன்னு போலீஸ் தேடுனாங்க. மத்தவங்க எல்லாம் சவாரி போயிட்டாங்க. அக்பர் பாஷா பாய் மட்டும் வண்டியிலேயே தூங்கிக்கிட்டு இருந்திருக்காரு. இன்னைக்கு விடியக்காலையில அவரைக் கொண்டு போயிட்டாங்க.

— எந்த அக்பர் பாஷா? மூல ஸ்டாண்டுல, வெள்ளத் தாடி வெச்சிகினு...

— அவரேதான். நாளைக்குக் காலையில கோர்ட்டுல நிறுத்தப் போறாங்க.

— அடப்பாவிங்களா! டீ கிளாஸக் கைல புடிச்சா பாதி சட்டைல ஊத்திக்குவாரு அந்தாளு. அவுரு விலாவ ஒடைச்சாராமா?

— அதைத்தான் நான் போய்ச் சொன்னேன். பாய் அடிக்கல, நான் அடிச்சேன்னு. இன்ஸ்பெக்டரு காயத்தை எல்லாம் ஒண்ணொண்ணாப் படிச்சுக் காட்டி, இதெல்லாம் நீ பண்ணுனியா, எங்க கத்துக்கிட்ட, யாரு மாஸ்டர்னு கேட்டாரு. சும்மா வாயில வந்ததைச் சொன்னேன், இந்த மொட்டை மாடி கிளாஸ்னு. சாயங்காலத்துக்குள்ள உன் மாஸ்டரைக் கூட்டிக்கிட்டு வா, அவரு வந்து சொன்னா நம்புதேன், பெரியவரை விட்டுருதேன்னு சொல்லிட்டாரு. இங்க வந்து பாத்தா ரெண்டு மாஸ்டர் இருக்கீங்க.

— ஓஹோ.

— ஓஹோதான். ஆசானே, யோசிச்சிப் பாத்தா இது ஃபுல்லா குத்துவரிசை அடிதான். காது, வெரலு, பூட்டு. அக்மார்க்கு உங்க ஊரு வேல.

— என்னவே இப்ப இப்படித் திரும்புதீரு? விலா ஒம்முடையது, நகம் ஒம்முடையது, காலு ஒம்முடையதுன்னு இப்பத்தானே பட்டா போட்டீரு?

— கூட்டத்துல இடுப்பு திரும்பாதுன்னு நீதானே சொன்ன? அப்ப அது எப்டிக் கராத்தே ஆவும்? எனக்கு அசோசியேஷன் கீதுய்யா. ரோட்டுல அடிச்சவளுக்குச் சாட்சி சொன்னேன்னு தெரிஞ்சா பெல்ட்ட உருவிட்டு அனுப்பிடுவான். உனக்கு இன்னா, அசோசியேஷனா, ஒண்ணா?

— எனக்கு அதைவிடக் கேடு. எலெக்ஷன் வந்தாப் போதும், கம்பு வச்சிருக்கவனை எல்லாம் ஸ்டேஷனுக்குக் கூப்புட்டு ஒக்கார வைக்கான். நானே வாசல்ல போய் நின்னு, இந்தப் பிள்ள என் சிஷ்யைன்னு சொல்லணுமா?

— சரி அண்ணாச்சி. மணி ஆயிட்டுது. நான் கடைக்குப் போறேன்.

— போய் இன்னா பண்ணுவ?

— சாயங்காலம் பர்மிஷன் கேட்டு மறுபடி ஸ்டேஷனுக்குப் போவேன். நம்புற வரைக்கும் சொல்லுவேன்.

— கட ஆளுங்களுக்குத் தெரிஞ்சா?

— வேலை போயிரும், மாஸ்டர்.

— தெரிஞ்சேதான் போறியா?

— பாய்க்குச் சக்கரை வியாதி. அவரு சம்சாரம் அன்வரி பேகம் அம்மா மாத்திரையைக் கையில வச்சுக்கிட்டு ஸ்டேஷன் வாசல்லயே உக்காந்திருக்காங்க. அவங்களைத் தாண்டித்தான் நான் உள்ள போனேன்.

— மாஸ்டரு.

— இன்னா?

— ஒம்ம பெல்ட்டு என்ன கலரு?

— கறுப்பு. இப்ப எதுக்கு அது?

— மானத்தை மறைக்க எதாச்சும் ஒரு கலரு வேணும்லா, அதான் கேட்டேன். நான் போறேன்வே. ஏ சீதா, நில்லு. இந்த அய்யாதுரைதான் ஒன் ஆசான். எத்தனை மாசமா எங்கிட்ட படிக்கேன்னு கேட்டா என்ன சொல்லுவ?

— அட இருய்யா! ஒனக்கு மட்டுந்தான் அக்பர் பாயா? எத்தினி தபா என் பசங்கள டோர்னமெண்டுக்கு இட்டுனு போயி, வாசல்லயே காத்துனு இருந்து திரும்ப இட்டாந்தவரு. நானும் வரேன். கராத்தே பாதி, குத்துவரிசை பாதி, ரெண்டும் ஒரே மாடில கத்துக்கிச்சுன்னு சொல்லிடுவோம்.

— அப்ப ஒழுங்காச் சொல்லணும்வே. அந்த இன்ஸ்பெக்டரு சும்மா விடமாட்டான், செஞ்சு காட்டுன்னு நிப்பான். நீரு அவனா நில்லும். பிள்ள இங்கன நிக்கட்டும். ம், கையை வச்சுட்டான். ஏ தாயி, மொத அடி எது?

— மொதல்ல... விலா, அண்ணாச்சி.

— விலா எந்தப் பக்கம்?

— வலது.

— சரி, வலப்பக்கம் முழங்கை வுட்டா நான் இப்டி மடங்குவேன். அப்ப உன் கை என் எடது காதுக்கு எப்டிம்மா வரும்? எட்டாதே. ஆசானே, நீ நின்னு பாரு.

— எட்டலவே. சரி, காதுதான் மொதல்ல.

— காதுல அடிச்சா தல இந்தாண்ட சாயும். அப்ப காலு அந்தாண்டதானே போவும்? கால்ல அடி முன்னால பட்டுக்கீது. அதுக்கு நீ எனக்கு எதிரால நிக்கணும். ஆனா நீ எனக்கு முன்னால திரும்பி நின்னுகினு கீற. வெரலு வேற ஒருத்தரு புடிச்சா தவுர மடங்காது, அந்த நேரத்துக்கு உன் கை ரெண்டும் காலியில்ல.

— மாஸ்டரு, பல்லை விட்டுட்டீரு. ரெண்டு மணிக்கட்டுலயும் கடி. ஏ சீதா, ரெண்டு பல்லு அச்சும் ஒண்ணு போலவா இருந்துச்சாம்?

— ஒண்ணுல நடுவுல இடைவெளி இருக்குன்னு டாக்டர் எழுதியிருக்காராம், அண்ணாச்சி.

— உனக்கு இடைவெளி இல்லியே.

— இல்ல.

— தங்கச்சி, இது ஒரு ஆளு அடிச்ச அடி இல்ல. ஒரே ஆளுன்னா அந்தாளுக்கு அம்மன் கோயில் செல மாரி எட்டுக் கை இருக்கணும், ரெண்டு வாய் இருக்கணும். மெய்யச் சொல்லு. எத்தினி பேரு?

— எங்க ஹாஸ்டல் ரூம் மொத்தமும், மாஸ்டர். பட்டு செக்ஷன், சுடிதார் செக்ஷன், பில் போடுறவ ஒருத்தி. எல்லாருக்கும் ஒரே சேலை, ஒரே கொண்டை. அவன் யாரு மேல கை வச்சான்னு அவனுக்கே தெரியல. சுத்தி நின்னு, வாயைத் தொறக்காம அடிச்சிருக்காங்க. பாத்தவங்க தள்ளுபடிச் சேலைக்குத்தான் அடிச்சுக்கிறாங்கன்னு நெனச்சு ஒதுங்கிப் போயிட்டாங்க.

— எந்த வித்தையும் இல்லாமயா?

— எந்த வித்தையும் இல்ல, அண்ணாச்சி. உண்மையைச் சொன்னா அத்தனை பேருக்கும் வேலை போயிரும். ஒவ்வொருத்தி சம்பளத்துலயும் ஊருல ஒரு வீடு ஓடுது. அதான் ஒரு பேரு போதும்னு வந்தேன்.

— சரிம்மா, ஒரு பேருதான் சொல்வோம். எப்டியாச்சும் சமாளிச்சிக்கலாம். ஆனா பொய்யின்னாலும் ஒரு நுனியாவது மெய்யா இருக்கணும், அப்பதான் எனக்கு நாக்குக் கொளறாது. அத்தினி அடில உன் அடி எது? அத்த மட்டும் காட்டு.

— எதுவும் இல்ல, மாஸ்டர். அவன் தெனமும் தேடி வந்தது என்னைத்தான். அன்னைக்கு நான் பயந்துபோய் கடைக்குப் போகாம ஹாஸ்டல்ல போர்வையை இழுத்துப் போத்திப் படுத்துட்டேன், எனக்காக அவங்க போயிட்டாங்க. இனிமேதான் என் முறை.